யார் செய்வது என்று எழுதாத எச்சரிக்கை

“மண்சரிவு அபாயம் உள்ள பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தப்பட வேண்டும்.” மழைக்காலம் வந்தால் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களுக்கு இந்த மாதிரியான வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் அப்புறப்படுத்துவது யார்? கிராம உத்தியோகத்தரா, தோட்ட நிர்வாகமா, பொலிஸாரா, அல்லது மூட்டை முடிச்சோடு அந்தக் குடும்பமேதானா? எந்த இடத்துக்கு? எத்தனை மணிக்குள்? அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நிற்பவருக்கு இதில் ஒன்றுக்கும் விடை கிடைக்காது. விடை கிடைக்காதவர் காத்திருப்பார். மண்சரிவில் அந்தக் காத்திருப்புத்தான் கொல்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த நாட்டைப் புரட்டிப் போட்டு 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் வீடுகளின் மேல் இறங்கின. அந்த நாட்களில் அரச எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தித்தான் வந்தன என்று மலையகத்திலும் வெளியிலும் பலர் கொதித்தார்கள். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை வெட்கக்கேடு.

எங்கள் அச்சம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. நாளைக்கே எல்லா எச்சரிக்கையும் நேரத்துக்குத் தமிழில் வரத் தொடங்கினாலும், இப்போதைய அலுவலகத் தமிழில் வந்தால் அது உயிரைக் காக்காது. செய்ய வேண்டியதைச் சொல்லும், செய்ய வேண்டியவரைச் சொல்லாது. மலையகத் தொழிலாளிக்கு வரும் ஏறக்குறைய எல்லாத் தொழில்நுட்ப எழுத்தையும் இந்தக் குறை அரித்துக்கொண்டிருக்கிறது: மண்சரிவு அறிவித்தல், மருந்து டின்னின் லேபல், இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பலகை, சம்பளத் துண்டு. இதை நடை பற்றிய சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்கள் கொஸ்லந்தையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதிலேயே கணக்குகள் முரண்பட்டன. அதற்கு அடுத்த நாட்களில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வந்தது: அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது, மக்கள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலையின் ஆபத்தை முன்பே சொன்னது உண்மைதான். ஆனால் அந்த எச்சரிக்கை யார் மேசைக்குப் போனது? அதை யார் லயத்துக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார்கள்? வெளியேறுகிறவர் போய்க் குடியிருக்க யார் காணி ஒதுக்கினார்கள்? லயக் காம்பரா தொழிலாளியின் சொத்து அல்ல. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. தன் பெயரில் ஒரு பேர்ச் காணிகூட இல்லாத மனிதரை நோக்கி, போகும் இடத்தைச் சொல்லாமல் “வெளியேறு” என்றால் அவர் எங்கே போவார்?

“விடுக்கப்பட்டிருந்தது” என்ற ஒரே வினைமுற்று ஒன்பது ஆண்டுகளின் கதையை மூடி மறைத்தது. அதைவிடக் கொடுமை, சொல்லியும் கேட்காமல் இருந்து செத்தார்கள் என்ற பழியை அது செத்தவர்கள் மேலேயே சாத்தியது. உயிர் தப்பியவர்களோ புதிய வீட்டுக்காகச் சுமார் இரண்டு ஆண்டு காத்துக் கிடந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ‘மாடு புல்லைத் தின்றது’ என்பது செய்வினை. ‘புல் மாட்டால் தின்னப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. அந்தப் பயிற்சியில் ஒரு நேர்மை இருந்தது. வாக்கியம் தலைகீழானாலும் மாடு காணாமல் போகவில்லை. ‘மாட்டால்’ என்று ஓரத்திலாவது நின்றது. அலுவலகம் அந்த ஓர இடத்தையும் துடைத்துவிட்டது. ‘புல் தின்னப்பட்டது’ என்று மட்டும் எழுதிக் கோப்பை மூடுகிறது. எங்கள் சண்டை செயப்பாட்டுவினையோடு அல்ல, ‘ஆல்’ உருபோடு சேர்ந்து ஆளையும் தொலைத்துவிடும் இந்தப் பழக்கத்தோடுதான்.

மலையகத்துப் பேச்சுத்தமிழைக் கேட்டால் இந்த எழுத்து எவ்வளவு அந்நியம் என்பது விளங்கும். “பெரிய தொர நிப்பாட்டச் சொன்னாரு.” “கணக்கப்புள்ள அரைப்பேரு போட்டுட்டாரு.” “கங்காணி நம்மள வேற மலைக்கி மாத்திட்டாரு.” ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓர் ஆள் நிற்கிறார். தன் நாளும் பேரும் (அந்நாளுக்கான சம்பளப் பதிவும்) எவர் கையில் இருக்கின்றன என்பதைக் கவனித்துக் கவனித்தே தலைமுறைகளாக வாழ்ந்த சமூகம் இது. செய்தவரைச் சொல்லாமல் அதற்குப் பேச வராது. அப்படிப்பட்டவர்கள் கையில் ஆளே இல்லாத வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, “தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னாலும் புரிவதில்லை” என்று சலித்துக்கொள்கிறவர்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். புரியாதது வாசித்தவரின் குற்றம் அல்ல.

உத்தியோகத்தர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? சோம்பல் ஒரு பங்கு. கொழும்பில் வேறு மொழியில் எழுதியதை அவசர அவசரமாகத் தமிழாக்கும்போது பெயர்கள் உதிர்ந்துபோவது இன்னொரு பங்கு. ஆனால் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அந்தத் தடை விலக 2018ஆம் ஆண்டின் திருத்தம் வர வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துப் பாதையும் கானும் மதிலும் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்திலேயே தெளிவான விடை இல்லை. கம்பனி பிரதேச செயலகத்தைக் காட்டும், செயலகம் கம்பனியைக் காட்டும். இந்த இடைவெளியில் உட்கார்ந்து எழுதும் உத்தியோகத்தருக்கு “வடிகான்கள் துப்புரவு செய்யப்பட வேண்டும்” என்பதைவிடப் பாதுகாப்பான வாக்கியம் கிடைக்காது. பெயர் எழுதினால் அந்தப் பெயர்க்காரர் கேள்வி கேட்பார்: எனக்கு ஆள் எங்கே, லொறி எங்கே, காசு எங்கே? பெயரை விட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த உத்தியோகத்தரின் சங்கடம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் அவருடைய வாக்கியம் அவரைப் பாதுகாக்கிறதே தவிர, கானுக்குக் கீழே குடியிருப்பவரைப் பாதுகாக்கவில்லை.

மண்சரிவு எச்சரிக்கையில் ஒரு பாதி ஏற்கனவே நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை எல்லையாக வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க மஞ்சள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக இருக்கச் செம்மஞ்சள். 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ வெளியேறச் சிவப்பு. எண்கள் தெளிவு, நிறங்களும் தெளிவு. தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி வருவது என்று அடையாளங்களையும் அந்த நிறுவனம் சொல்லித் தருகிறது. இயற்கையின் பங்கு வரை எழுத்து கூர்மையாக இருக்கிறது. மனிதரின் பங்கு தொடங்கும் இடத்தில்தான் மங்குகிறது. சிவப்பு வந்த பிறகு யார் என்ன செய்வது?

எச்சரிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் டெனிஸ் மிலெட்டியும் ஜோன் சோரன்சனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல எச்சரிக்கைக்கு வேண்டியவற்றைத் தொகுத்தார்கள். சொல்பவர் யார், ஆபத்து என்ன, எங்கே, எப்போது, கேட்பவர் செய்ய வேண்டியது என்ன. இவற்றில் எது விடுபட்டாலும் மக்கள் ஓடுவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போகிறார்கள். விசாரிக்கும் நேரத்தில் மலை வந்துவிடுகிறது. அதே எச்சரிக்கையைச் செய்வினையில் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு தோட்டத்தை மனதில் வைத்து எழுதிப் பார்த்தோம்:

“தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று பிற்பகல் 2 மணிக்கு இந்தத் தோட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை தந்திருக்கிறது. கீழ்ப்பிரிவில் 6ஆம், 7ஆம் லயங்களில் இருக்கும் எல்லோரும் மாலை 5 மணிக்கு முன் பாடசாலைக்குப் போங்கள். கானோரப் பாதையால் போக வேண்டாம். கோயில் பாதையால் போங்கள். தோட்ட லொறி 3 மணியிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நிற்கும். நடக்க முடியாதவர்களையும் கைக்குழந்தைக்காரரையும் அது ஏற்றிக்கொள்ளும். கிராம உத்தியோகத்தர் சாவியோடு பாடசாலையில் இருப்பார். இன்றைக்கும் நாளைக்கும் தோட்ட முகாமையாளர் உங்களுக்கு முழுப்பேர் போடுவார். திரும்பி வரலாம் என்று கிராம உத்தியோகத்தர் சொல்லும்வரை யாரும் வர வேண்டாம். வெடிப்பையோ கலங்கல் தண்ணீரையோ கண்டால் 117க்கு அழையுங்கள்.”

இதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. ஆனால் இதை எழுத வேண்டுமென்றால் லொறிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், பாடசாலைச் சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும், பேர் போடுவதாக முகாமையாளரிடம் வாக்கு வாங்கியிருக்க வேண்டும். செயப்பாட்டுவினையில் எழுதினால் இந்த வேலை எதையும் செய்யாமலே எச்சரிக்கையை அனுப்பிவிடலாம். செய்வினை, எழுதுகிறவரை முதலில் வேலை செய்ய வைக்கிறது. அந்த முழுப்பேர் பற்றிய வரியைக் குறிப்பாகக் கவனியுங்கள். அப்பா, அம்மா இருவரின் நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பம், ‘நாளைக்குப் பேர் விழுமா’ என்று தெரியாமல் லயத்தை விட்டு நகராது. இதைப் பிடிவாதம் என்று யாரும் எழுத வேண்டாம்.

அடுத்தது குளவி. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துச் செய்திகளில் இது ஓயாத செய்தி: “கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர்.” பத்திரிகைக்காரர்களான நாங்களும் இந்த வாக்கியத்தில் பங்காளிகள். அந்த மலையில் கூடு இருப்பது முன்பே தெரியுமா? தெரிந்தும் அன்று காலை பிரட்டில் அந்த மலைக்கு ஆள் பிரித்தது யார்? கூட்டைக் கலைப்பது யார் வேலை? “குளவிக் கூடுகள் அகற்றப்பட வேண்டும்” என்று கோரிக்கை வைக்கும் தொழிற்சங்க அறிக்கையும் அதே குழியில்தான் விழுகிறது. கோரிக்கையின் மறுமுனையில் ஒரு பதவிப் பெயர் இல்லாவிட்டால் அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

மருந்தடிப்பு விஷயத்தில் இந்தக் குறை உடம்புக்குள்ளேயே இறங்குகிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பீடைகொல்லிப் பதிவாளரின் பதவியை உருவாக்கியது. லேபல்களும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. கிளைபோசேட்டை 2015இல் அரசு தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தபோது நாடே விவாதித்தது. எந்த மருந்து என்பதைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், மருந்தடிப்பவர் எதை வாசிக்கிறார் என்பதைப் பேசவில்லை.

லேபலில் “கையுறை, முகக்கவசம், பாதணி என்பன அணியப்பட வேண்டும்” என்கிற மாதிரி இருக்கும். அவற்றை வாங்கித் தருவது யார்? “தெளிக்கப்பட்ட பகுதிக்குள் பிரவேசித்தல் தவிர்க்கப்பட வேண்டும்” என்றும் இருக்கும். தவிர்க்க வேண்டியவர்கள் அடுத்த நாள் அந்த மலைக்குக் கொழுந்துக்குப் போகும் பெண்கள். அவர்கள் அந்த லேபலைப் பார்ப்பதே இல்லை. டின் மருந்து ஸ்டோரில் பூட்டுக்குள் இருக்கிறது. மலையில் வருவது முதுகுத் தாங்கியில் கரைத்த தண்ணீர் மட்டும். வாக்கியத்தில் ஆள் இருந்தால் இந்த ஓட்டை உடனே கண்ணில் பட்டிருக்கும். “மருந்தடித்த மலையில் வெளிக்கள உத்தியோகத்தர் சிவப்புக் கொடி நடுவார், கொடி இருக்கும் வரை கங்காணி அந்த மலைக்கு ஆள் அனுப்பக் கூடாது” என்று எழுதிப் பாருங்கள். கொடி நடாத நாளில் யாரைக் கேட்பது என்று மலையில் நிற்கும் அக்காமாருக்கும் தெரிந்துவிடும்.

சம்பளத் துண்டிலும் இதுவேதான். “சேமலாப நிதி கழிக்கப்பட்டது.” தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் சேர்க்க வேண்டியது 12 சதவீதம். கழித்தது விளங்குகிறது. அனுப்பினார்களா? அரச பெருந்தோட்டங்களில் சேமலாப நிதிப் பாக்கி ஆண்டுக்கணக்காக இழுபடும் பிரச்சினை. ஓய்வுபெற்ற பிறகு அலைந்து திரியும் முதியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். “தோட்டம் உங்கள் சம்பளத்திலிருந்து இவ்வளவு எடுத்தது, தன் பங்கு இவ்வளவு சேர்த்தது, இரண்டையும் இந்தத் திகதியில் நிதிக்கு அனுப்பியது” என்று மூன்று செய்வினை வாக்கியங்களைத் துண்டில் அச்சிடச் சொல்லுங்கள். மூன்றாவது வாக்கியத்தைப் பொய்யாக அச்சிட எந்த நிர்வாகமும் தயங்கும். 2021 மார்ச்சில் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கிய வர்த்தமானி வந்த பிறகு, பறிக்க வேண்டிய கிலோவைக் கம்பனிகள் கூட்டிவிட்டன என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். “நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறிக்கப்பட வேண்டும்” என்று பலகையில் எழுதினால், அதைத் தீர்மானித்தது சட்டமா, ஒப்பந்தமா, அந்தத் தோட்டத்து முகாமையாளரா என்று எப்படித் தெரியும்? எதிர்த்துப் பேசுவதற்கும் ஒரு முகவரி வேண்டுமே.

இந்தப் பழக்கம் வகுப்பறையில் தொடங்குகிறது. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் “சோதனைக் குழாயில் நீர் எடுக்கப்பட்டது, வெப்பமேற்றப்பட்டது, அவதானிக்கப்பட்டது” என்று எழுதிப் பழகுகிறார்கள். குழாயைப் பிடித்த கை அவர்களுடையது. எழுத்தில் அந்தக் கை இல்லை. அப்படி எழுதினால்தான் அறிவியல் என்று அவர்கள் மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளைதான் எழுதுவினைஞராகவும் வெளிக்கள உத்தியோகத்தராகவும் நிருபராகவும் வருகிறது. அறிவியலுக்கு இது கட்டாயமா? 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய நியூட்டன் ‘நான்’ என்றே எழுதினார். 1953இல் மரபணு மூலக்கூறின் வடிவத்தை அறிவித்த வாட்சனும் கிரிக்கும் ‘நாங்கள்’ என்றே தொடங்கினார்கள். அதனால் அவர்களின் அறிவியல் குறைந்துவிடவில்லை.

விமானத்துறை இன்னும் கண்டிப்பானது. விமானங்களைப் பழுதுபார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. கையேட்டின் ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டால் விமானம் விழும். ஆகவே ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1980களில் எளிமையாக்கிய ஆங்கிலத்துக்கு விதிகள் வகுத்தது. செய்முறைகளைச் செய்வினையில் மட்டுமே எழுத வேண்டும். அவற்றில் ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. அந்த விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. விமானத்தில் போகிறவர்களின் உயிருக்காக உலகம் இவ்வளவு யோசித்து வாக்கியம் அமைக்கிறது. மலைச்சரிவில் தூங்குகிறவர்களின் உயிருக்கும் அதே கவனத்தை நாம் கேட்கிறோம்.

எல்லாச் செயப்பாட்டுவினையையும் துரத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செயப்படும் பொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே பதிவுசெய்திருக்கிறது. தமிழுக்கு இது புதிதல்ல. கொழுந்து எப்படித் தேயிலையாகிறது என்று விளக்கும்போது “இலை வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, உலர்த்தப்படுகிறது” என்றால் ஒரு நட்டமும் இல்லை. அங்கே கதாநாயகன் இலைதான். 1925இல் தொடங்கி இப்போது தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் மண்ணின் அமிலத்தன்மையைப் பற்றி எழுதும்போது மண்ணைப் பார்த்து எழுதட்டும். வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றிய அறிக்கையில் பெயரை மறைக்கச் செயப்பாட்டுவினை துணைசெய்தால் அதையும் வரவேற்போம். நிலைமையை விவரிக்கும் எழுத்து ஒன்று. ஒருவர் எழுந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டிய எழுத்து வேறு. தேயிலை உருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் தொங்கும் பலகை இரண்டாவது வகை. “சுத்திகரிப்பின்போது மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும்” என்று அதில் எழுதிவிட்டுக் கையை இழந்தவரிடம் போய் விதிமீறல் பேசுவது அநியாயம்.

‘படு’வை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. “மக்கள் அவதானமாக இருத்தல் வேண்டும்” என்பதில் ‘படு’ இல்லை, செய்பவர்கூட இருக்கிறார். ஆனாலும் அது ஒன்றும் சொல்லவில்லை. ‘நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்’ என்பதும் அப்படியே. ஆளும் வேலையும் நேரமும் சேர்ந்து நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று நழுவினாலும் அறிவித்தல் சடங்காகிவிடும்.

எங்கள் சரித்திரத்தையே நாங்கள் இப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம் என்பது இன்னும் வலிக்கிறது. “மலையக மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்டனர்” என்பது மேடையிலும் கட்டுரையிலும் மனப்பாடமாக வரும் வரி. ஆக்கியவர்களுக்குப் பெயர் உண்டு. டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாராளுமன்றம் வாக்களித்து நிறைவேற்றியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். அந்த மக்களிடம் கேட்கவில்லை. ஹட்டனை மையமாக்கி 1931இல் தொழிலாளர் சம்மேளனம் அமைத்த கோ. நடேசையர் துரைமாரையும் பெரிய கங்காணிமாரையும் நேரே சுட்டி எழுதினார். அந்தத் துணிவு பிறகு எங்கள் பேனாக்களில் மெலிந்துவிட்டது. நுவரெலியா மாவட்டச் செயலகத்திடம் கேட்பதற்கு முன், சங்க அறிக்கை எழுதுபவர்களும் நிருபர்களும் தங்கள் வரிகளை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். இந்தப் பத்திரிகை இன்றிலிருந்து குளவிக் கொட்டையும் லயன் தீயையும் மண்சரிவையும் செய்தியாக்கும்போது பொறுப்பான பதவியையும் சேர்த்தே எழுதும்.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியாச் சரிவுகளில் இறங்கும். வடகீழ் மழை ஆண்டின் கடைசியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கம் வரும். அதற்கு முன் மாவட்டச் செயலகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் தோட்டக் கம்பனிகளும் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஒரு பக்கத் திட்டம் எழுத வேண்டும். மழைமானியைக் காலையில் யார் பார்ப்பது, அளவு 100ஐத் தொட்டால் அவர் யாருக்கு அழைப்பது, எந்த லயம் எந்தக் கட்டடத்துக்குப் போவது, லொறி ஓட்டுவது யார், பேர் போடுவது யார். பீடைகொல்லிப் பதிவாளர் தமிழ் லேபல்களைத் தொழிலாளர்களிடம் வாசித்துக் காட்டி, அவர்களுக்கு விளங்கிய பிறகே அனுமதிக்க வேண்டும். தொழில் திணைக்களம் சம்பளத் துண்டின் வாசகத்தை வகுத்துக் கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய காசு தேவையில்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த எச்சரிக்கைத் தாளோ அறிவித்தலோ உங்கள் கைக்கு வரும்போது, கிடைத்தது என்று கையெழுத்துப் போடும் முன் அதை உரக்க வாசியுங்கள். செய்ய வேண்டியவரின் பதவி, அவருடைய தொலைபேசி எண், முடிக்க வேண்டிய நேரம் மூன்றும் அதில் இல்லையென்றால், தாளின் ஓரத்தில் “யார்?” என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டு, அன்றைக்கே பிரதேச செயலகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் புது வெடிப்பைக் கண்டால் மட்டும் எந்தத் தாளுக்காகவும் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறிவிடுங்கள், கடிதத்தைப் பிறகு எழுதலாம்.